கனகசபை அண்ணை ஒருநாள் சொன்ன ‘நீ’

1. துடைக்கப் போன நாள்

சுவிஸில் வின்டர்தூர் நகரில் எங்கள் தமிழ் வானொலி இருந்த கட்டிடத்தில் நான் துப்புரவு வேலை செய்தேன். ஒரு சனிக்கிழமை காலை கலையகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். தொலைபேசி எடுக்கிற பிள்ளை காய்ச்சல் என்று வரவில்லை. நிகழ்ச்சி தொடங்கப் பத்து நிமிடம் இருந்தது. நிகழ்ச்சி நடத்தும் கனகசபை அண்ணை என்னிடம், எழுத வாசிக்கத் தெரியுமோ என்று கேட்டார்.

“அஞ்சாம் வகுப்பு மட்டும்தான் அண்ணை. ஆக்களோட கதைக்க எனக்குக் கூச்சம்.”

“கூச்சப்படுற ஆள்தான் வேணும் தங்கச்சி. கதைக்க நான் இருக்கிறன். எடுக்கிற ஆக்களின்ர பேரையும் ஊரையும் துண்டில எழுதித் தாங்கோ, அவ்வளவு காணும்.”

வாளியை மூலையில் வைத்துவிட்டுத் தொலைபேசிக்கு முன்னாலிருந்த கதிரையில் இருந்தேன். அந்தக் கதிரையில் பதினாறு வருடம் போனது.

2. அண்ணையின் சட்டம்

அண்ணை பழைய போக்குக்காரர். அதை அவர் மறைத்ததில்லை. கலியாணம் பெற்றோர் பார்த்துத்தான் செய்யவேண்டும், வீட்டில் தமிழ்தான் கதைக்கவேண்டும் என்று வாராவாரம் சொல்வார். எந்தக் காலத்தில் இருக்கிறீர்கள் என்று இளம் பிள்ளைகள் லைனில் வந்து நக்கலடிப்பார்கள். “உங்கட அப்பா வதிவிட பெர்மிட் கடிதத்தை வாசிக்க என்னட்டக் கொண்டுவந்த காலத்தில” என்பார். அது உண்மைதான். காலையில் ஏச்சு வாங்கியவர்களே பின்னேரம் படிவம் நிரப்ப அவரிடம் வருவார்கள். ஒருவரையும் அவர் திருப்பி அனுப்பியதில்லை.

ஒலிபரப்பில் ஒருவரையும் ‘நீ’ என்று சொல்லக்கூடாது என்பது அவருடைய சட்டம். இங்கே பிறந்த பிள்ளைகள் ஜெர்மனில் தாய் தகப்பனுக்கு ‘நீ’ என்கிற ‘டூ’ சொல்லிப் பழகி, தமிழிலும் பெரியவர்களை ‘நீ’ என்பார்கள். அவருக்கு அது பொறுக்காது. அவரும் ஆறு வயதுப் பிள்ளையைக்கூட ‘நீங்கள்’ என்பார். யாராவது ‘நீ’ என்றால், குரலைக் கூட்டிக் குறைக்கிற ஃபேடரை நான் கீழே இழுத்துவிட வேண்டும்.

“ஆர் சொன்னாலும் இழுங்கோ. நான் எண்டாலும் இழுங்கோ.”

3. சோலோதுர்ன் அழைப்பு

அவருடைய ஒரே மகள் தர்சினி ஒரு சுவிஸ்காரரைத் தானே விரும்பிக் கட்டினாள். அண்ணை கலியாணத்துக்குப் போகவில்லை. மூன்று வருடம் பேச்சு இல்லை. மனைவியும் முன்னமே இறந்துவிட்டதால் வீட்டில் அவர் தனி.

பிள்ளைகள் தாங்களே துணை தேடலாமா என்பது ஒரு சனிக்கிழமைத் தலைப்பு. சோலோதுர்ன் நகரிலிருந்து ஒரு பெண் எடுத்தாள். பெயர் சொல்லவில்லை. சொல்லவும் தேவையில்லை. பள்ளிக்கூட நாளில் கலையகத்துக்கு வந்து என் மேசையில் வீட்டுப்பாடம் செய்த தர்சினியின் குரல் அது.

“அன்ரி, வீட்டு நம்பருக்கு எடுத்தா அப்பா ஃபோனை வைக்கிறார். ரேடியோவில வைக்கமாட்டார்தானே. ஒருக்கா விடுங்கோ.”

பெயரில்லாத அழைப்பை விடுவதில்லை. விட்டால் ஊர் முழுக்கக் கேட்க அண்ணைக்கு அவமானம் வரலாம், என் வேலையும் போகலாம். விடாவிட்டால் அவளுக்கு வேறு வழியில்லை. துண்டில் ‘சோலோதுர்ன். ஒரு மகள்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டு ஃபேடரை ஏற்றினேன்.

“வணக்கம், சொல்லுங்கோ” என்றார் அண்ணை.

“வணக்கம் ஐயா. பிள்ளை தானே பார்த்துக் கலியாணம் செய்தா, தகப்பன் எத்தின வருசம் கதைக்காம இருக்கவேணும்? அதுக்கும் ஒரு சட்டம் இருக்கோ?”

அண்ணை கண்ணாடியைக் கழற்றினார். வானொலியில் மௌனம் பெரிய பிழை. பாட்டுப் போடக் கை நீட்டினேன். அதற்குள் அவள், “எனக்கு இப்ப ஏழு மாதம். பிள்ளைக்குத் தமிழ்ப் பேர் வைக்க ஆசை. கேக்க ஆளில்லை” என்றாள்.

“நீ சாப்பிட்டியோ?” என்றார் அண்ணை.

என் விரல் ஃபேடரில் இருந்தது. அவர் என்னைப் பார்த்தார். நான் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

“இல்லையப்பா.”

“சாப்பிடு. நான் வாறன்.”

கோட்டை எடுத்துக்கொண்டு ரயிலுக்குப் போய்விட்டார். மைக்கில் கதைக்க எனக்குத் தைரியமில்லை. மிச்ச நாற்பது நிமிடமும் பாட்டுத்தான் போட்டேன்.

4. பிறகு

அடுத்த கிழமை ஒருவர் எடுத்து, “உங்கட வீட்டிலயே சட்டம் உடைஞ்சு போச்சே அண்ணை?” என்று குத்தினார். “ஓம். என்ர கருத்து மாறேல்ல. ஆனா நீங்கள் என்னைப்போல மூண்டு வருசத்தை வீணாக்காதேயுங்கோ” என்றார் அண்ணை.

போன வருடம் அவர் காலமானார். எங்களைப் பின்னுக்கு இழுத்தார் என்கிறார்கள் சிலர். தமிழைக் காத்தார் என்கிறார்கள் சிலர். எனக்கு அவ்வளவு கதைக்கத் தெரியாது. அவர் இருந்த காலத்தில், அவரே பெயர் வைத்த பேத்தி ஒருநாள் கலையகத்துக்கு வந்து, “அம்மப்பா, நீ வா” என்று கையைப் பிடித்து இழுத்தாள். அவர் திருத்தவில்லை, எழும்பிப் போனார்.

தொலைபேசி எடுக்க வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். சட்டத்தைக் கவனமாகப் பாருங்கள். ஆனால் ஃபேடரை இழுக்கமுன் ஒருதரம் ஆளின் முகத்தைப் பாருங்கள்.