வாட மறுத்த ரோஜா

என் வீட்டுக்காரருக்கு நெஞ்சுவலி வந்தபோது ஜொகூர் பாரு மருத்துவமனையில் ஸ்டென்ட் வைத்து அனுப்பினார்கள். அவர் பழையபடி லோரி ஓட்டப் போய்விட்டார். நான்தான் பயந்தாங்கொள்ளியாகிவிட்டேன். அவர் குறட்டை நின்றால் போதும், என் தூக்கம் போய்விடும்.

அந்தப் பயத்துக்கு மருந்து தேடித்தான் குளுவாங்கில் ஒரு கடைவீட்டு மாடியில் நடக்கும் புத்த தியான வகுப்பில் சேர்ந்தேன். சொல்லித்தந்த சீனப் பெண்மணி முதல் நாளே மலாய் மொழியில் வீட்டுப்பாடம் கொடுத்தார். ஒரு பூவை வைத்து, தினமும் காலையில் அதன்முன் உட்கார்ந்து, அது வாடுவதைப் பார்க்க வேண்டும். நாமும் அப்படித்தான் என்பது மெல்ல மனத்தில் இறங்குமாம்.

எங்கள் தொட்டி ரோஜாக்களில் ஒன்றைப் பறித்து, சாமி மேடையில் முருகனுக்குப் பக்கத்தில் புதிதாகக் குடிவந்திருந்த சின்ன புத்தர் முன்னால் வைத்தேன். எதற்கென்று வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. சாவுப் பேச்சை அவர் காதில் போட எனக்கு மனம் வரவில்லை.

மறுநாள் பார்த்தேன், வாடவில்லை. அதற்கு மறுநாளும் வாடவில்லை. வியாழக்கிழமையும் அது அப்படியே சிரித்துக்கொண்டிருக்க, எனக்குத் தலைகால் புரியவில்லை. சேர்ந்த வாரமே ஞானம் வந்துவிட்டது போலிருக்கிறதே என்று உள்ளுக்குள் கொஞ்சம் மிதப்புதான்.

வெள்ளிக்கிழமை முன்னதாகவே எழுந்துவிட்டேன். மேடை முன்னால் என் வீட்டுக்காரர். ஒரு கையில் நேற்றைய பூ, மறு கையில் புதுப் பூ.

“வாடுன பூவ மேடையில வைக்கலாமா? புத்தரும் சாமிதான் லா,” என்றார்.

நான் விஷயத்தைச் சொன்னதும் அவர் முகத்தில் அசடு வழிந்தது. ஓடிப்போய்த் தொட்டிகளைப் பார்த்தேன். ஒரு பூ மிச்சமில்லை. சிரித்துச் சிரித்து எனக்கு வயிறே வலித்தது.

இனி தொடமாட்டேன் என்று கையிலிருந்த அந்தக் கடைசிப் பூவை வைத்தார். அடுத்த காலைகளில் டீ கப்போடு அவரும் பக்கத்தில் உட்கார ஆரம்பித்தார். பூவின் ஓரம் கறுத்தது. பிறகு ஒரு காலை, நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓர் இதழ் உதிர்ந்தது. பழக்கதோஷம், அதை எடுக்க அவர் கை நீண்டது. அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். வெதுவெதுப்பாக இருந்தது. இதுவும் ஒரு நாள் இல்லாமல் போகும் என்று நினைத்தேன். நினைத்தும் பயம் வரவில்லை. இப்போது இருக்கிறதே என்ற சந்தோஷம்தான் வந்தது.

“டீ ஆறுது,” என்றார்.

“ஆறட்டும்,” என்றேன், கையை விடாமல்.