சம்மாட்டி கை தட்டிய பாட்டு

நாற்பது தாண்டிய பெண்ணொருத்தி, கருவாடு காயப்போடும் பந்தலில் ஃபோனைக் கொழுவிவிட்டு, தொண்டை கிழியக் கத்தும் பெடியன்களின் பாட்டைக் கேட்டால் ஊர் சிரிக்கத்தான் செய்யும். சிரித்தது. எனக்கென்ன, நான் கேட்டேன். அந்தக் குழுவை எனக்குப் பிடித்த அளவுக்கு மன்னார்த் தீவில் வேறு யாருக்கும் பிடித்திருக்காது. இதை எழுதும்போதே பற்றிக்கொண்டு வருகிறது.

கல்யாண வீடுகளில் ஆடப் பாடும் பைலாக் குழுதான். ஆனால் மற்றக் குழுக்களைப் போல மச்சாள், கள்ளு, காதல் என்று வழிவதில்லை. ஒரு வயலின், ஒரு அக்கோடியன், இரண்டு ட்ரம்பெட், டிரம்ஸ். பாடகன் பாடமாட்டான், ஏசுவான். தாளம் பிசகாமல் ஏசுவான். பஸ்ஸை ஏசுவான், அரசாங்கக் கந்தோரை ஏசுவான், கல்யாணத்தில் சோறு போதாமல் போனதை ஏசுவான். அயர்லாந்தில் இருக்கும் என் தங்கச்சிக்கு ஒரு பாட்டு அனுப்பினேன். அங்கேயும் இப்படித்தானாம், வயலினையும் வைத்துக்கொண்டு கத்துகிறார்களாம், சனம் பியர்க் கோப்பையோடு ஒருவர் மேல் ஒருவர் விழுந்து குதிக்கிறதாம். அப்படியென்றால் அங்கேயும் கடலில் கள்ளர் இருக்கிறார்கள் போல என்று சொன்னேன்.

எல்லாப் பாட்டையும் விட அந்த ஒரு பாட்டுத்தான் எனக்கு உயிர். 'ரோலரில போறவனே, ஆரின்ர மீனடா உன்ர சட்டியில' என்று திரும்பத் திரும்ப வரும். ரோலர் என்றால் எங்கள் ஆட்கள் இழுவைப் படகுக்குச் சொல்லும் பெயர். அடியில் கிடக்கும் குஞ்சு, குருமன், பாசி, பிறர் வலை என்று ஒன்றும் விடாமல் வாரிக்கொண்டு போகும். அந்த வரி வரும்போது கேட்கிறவர்கள் எல்லாரும் கையை நீட்டி முன்னுக்கு விரல் காட்ட வேண்டும். அது அந்தக் குழுவின் ரசிகர்களுக்கு ஒரு நேர்த்திக்கடன் மாதிரி. நான் தனியே பந்தலுக்குள் நின்றுகூட மீன் செதில் ஒட்டிய விரலை நீட்டியிருக்கிறேன்.

அது எங்கள் பாட்டு. என் மனுசன் நண்டு வலைக்காரர். ஒருநாள் விடியப் போனவர் அறுந்த கயிற்றோடு திரும்பி வந்தார். மிதப்புக் கட்டைகூட மிஞ்சவில்லை. எங்கேயோ கடன் மாறி ஒரு வலை எடுத்தோம், அதையும் ரோலர் இழுத்துக்கொண்டு போய்விட்டது. பிறகு என்ஜினை விற்றோம், படகைக் கவிழ்த்துவைத்தோம். அந்த நாட்களில்தான் இந்தப் பாட்டு வந்தது. பூசையில்கூட வாய் திறந்து பாடாத மனுசன் என் பக்கத்தில் குந்தியிருந்து ஃபோனைப் பார்த்தார். முடிந்ததும் திரும்பப் போடச் சொன்னார். மீன்பிடிச் சங்கம், கந்தோர், பொலிஸ் என்று அலைந்தபோது ஒருவனும் கேட்காத கேள்வியை இவன் ஒருத்தன் கேட்டிருக்கிறான் என்றார். அன்றைக்குத்தான் அவர் கண் கலங்கி நான் பார்த்தேன்.

அதற்குப் பிறகு அவர் ரோலருக்கே வேலைக்குப் போனார். ஓம், ரோலருக்குத்தான். ஊரில் ரோலர்களுக்கெல்லாம் முதலாளியான சம்மாட்டியிடம் மட்டும்தான் வேலை இருந்தது, மற்றவர்களின் வேலையைத்தான் அவர் படகுகள் வாரிவிட்டனவே. பிள்ளைகளின் படிப்பு முடியும்வரைக்கும்தான் என்று நான் எனக்கே சொல்லிக்கொண்டேன். நான் அந்தப் பாட்டைப் போட்டால் அவர் எழும்பி வெளியே போய்விடுவார். கடல் களைப்பு என்று விட்டுவிட்டேன்.

போன வருசம் திருவிழாவுக்கு அந்தக் குழு எங்கள் ஊருக்கு வருகிறது என்று கேள்விப்பட்டபோது எனக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை. செலவு யாருடையது என்று கேட்டேன். சம்மாட்டியுடையதாம். கடலை வழித்துத் துடைத்த கையால் கோவிலுக்குப் பெயின்ற் அடித்தார், கொடிமரம் மாற்றினார், இப்போது பாட்டும் வைக்கிறார். பெரிய புண்ணியவான். சரி, யார் காசில் வந்தால் என்ன, அந்தப் பாட்டு எங்கள் மண்ணில் கேட்கட்டும் என்று நினைத்தேன். எனக்கு ஒரே ஒரு ஆசை. ஊர் முழுக்கச் சேர்ந்து அந்தக் கேள்வியைச் சத்தமாகக் கேட்க வேண்டும், என் மனுசன் நடுவில் நின்று அதைக் காதால் கேட்க வேண்டும். வலை போன நாளிலிருந்து குனிந்த தலை அன்றைக்காவது நிமிரும் என்று நம்பினேன்.

அவர் வரமாட்டேன் என்றார். நீ போ என்றார். கெஞ்சிப் பார்த்தேன், ஏசிப் பார்த்தேன், மசியவில்லை. கடைசியில் சம்மாட்டி கூப்பிட்டனுப்பினார். ரோலரில் வேலைசெய்யும் எல்லாரும் அவர் தரும் நீல ரீசேட்டைப் போட்டுக்கொண்டு, சனம் மேடையில் ஏறாமல் கயிறு பிடிக்க வேண்டுமாம். அதற்கு மறுப்பில்லை, போனார். நான் உள்ளுக்குள் சந்தோசப்பட்டேன். மேடைக்கு அடியில் நிற்கப்போகிறார், இதைவிட நல்ல இடம் யாருக்குக் கிடைக்கும் என்று நினைத்தேன். என் புத்தி அப்படி.

முந்திய வருசம் இரவில் வைத்து அடிபாடு வந்ததால், இந்த முறை பொலிஸ் பகலில்தான் விட்டது. பின்னேர வெயில், கடற்கரை மைதானம், சோளகக் காற்றில் வாய்க்குள் மண். முன்வரிசையில் சம்மாட்டி வீட்டாருக்குக் குசன் கதிரைகள், பின்னால் எங்களுக்குப் பிளாஸ்டிக் கதிரைகள். பெண்கள் இடது பக்கம் இருக்க வேண்டுமென்று மைக்கில் சொன்னார்கள். முதல் பாட்டு அடித்ததும் ஆண்பக்கம் எது, பெண்பக்கம் எது என்று கடவுளுக்கே தெரியாது. எருக்கலம்பிட்டியிலிருந்து வாடகைக்கு வான் பிடித்து வந்த பெடியன்கள் ஒருவன் தோளில் ஒருவன் ஏறினான்கள். கதிரைகள் தலைக்கு மேலே போயின. யாரோ சோடாவைக் குலுக்கி அடித்து என் சேலை நனைந்தது. நான் ஆடினேன். வெட்கமா, எனக்கா? ஒரு செருப்புப் போய்விட்டது, மற்றதையும் கழற்றி எறிந்துவிட்டு ஆடினேன். வயலின்காரன் கம்பி அறுந்தும் நிறுத்தாமல் வாசித்தான். அந்த ஒரு மணித்தியாலத்தை மட்டும் பொய் என்று சொல்ல எனக்கு மனமில்லை.

ஆனால் அந்தப் பாட்டு வரவில்லை. பஸ் பாட்டு வந்தது, கல்யாணச் சோற்றுப் பாட்டு வந்தது, மாதாவுக்கு ஒரு பாட்டும் வந்தது. சனம் 'ரோலர், ரோலர்' என்று கத்தத் தொடங்கியது. பாடகன் காது கேளாதவன் மாதிரித் தண்ணீர் குடித்தான், பிறகு குசன் கதிரைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தான். மேடையில் ஏசுகிற ஏச்சென்ன, இந்தப் பார்வை என்ன. பின்னாலிருந்து போத்தல் பறந்தது, மண் பறந்தது. எல்லாரும் முன்னுக்குத் தள்ள, கயிறு பிடித்தவர்களின் வயிற்றில் கயிறு இறுகியது. என் மனுசன் நடுவில் நின்றார். மேடைக்கு முதுகைக் காட்டி, எங்களைப் பார்த்தபடி.

அப்போது சம்மாட்டி எழும்பினார். சிரித்துக்கொண்டு மேடையைப் பார்த்துக் கையை ஆட்டினார், பாடு பாடு என்று. மிட்டாய் எடுக்கத் தாய் விட்ட பிள்ளை மாதிரிப் பாடகனின் முகம் மலர்ந்தது. ட்ரம்பெட் தொடங்கியது. அவ்வளவு சனமும் ஒரே குரலில் அந்த வரியைக் கத்தி விரலை நீட்டியது. நானும் நீட்டினேன். எக்கி எக்கி நீட்டினேன். என் மனுசனின் கண் என் கண்ணில் பட்டது. நான் சிரித்தேன், அவரும் சேர்ந்து பாடட்டும் என்று இன்னும் உரத்துக் கத்தினேன். அவர் கயிற்றை இரண்டு கையாலும் பிடித்தபடி மண்ணைப் பார்த்தார்.

முன்னால் சம்மாட்டி கை தட்டினார். பேரப்பிள்ளைகளைக் கதிரையில் ஏற்றி ஆடவிட்டு ஃபோனில் படம் எடுத்தார். சூடு சுரணை இல்லாத பிறவி என்று நினைத்தேன். சனம் விடவில்லை, திரும்பவும் பாடச் சொன்னது, திரும்பவும் விரல் நீட்டியது. முடிந்ததும் சம்மாட்டி மேடையேறிப் பாடகனுக்குப் பொன்னாடை போர்த்தினார். அவன் முருங்கன் ஊர்ப் பக்கத்து வயல்காரர் வீட்டுப் பெடியன், கடலைக் கரையில் நின்று பார்த்ததோடு சரி. சம்மாட்டியின் கையைப் பிடித்து, கடற்தொழிலாளரின் காவலர் இவர் என்று மைக்கில் சொன்னான். சனம் அதற்கும் விசிலடித்தது. எனக்குத் துப்ப வேண்டும் போல இருந்தது, வாய்க்குள் மண்தான் இருந்தது.

எல்லாரும் போன பிறகு, ரோலர்க்காரர்கள் கதிரை அடுக்கி, கயிறு சுற்றி, குப்பை பொறுக்கி முடிக்கும்வரை காத்திருந்தேன். வெயில் இன்னும் போகவில்லை. அவர் வந்ததும் நடந்தோம். வழி முழுக்க என் வாய் சும்மா இருக்கவில்லை. பாடகனை ஏசினேன், பொன்னாடையை ஏசினேன், கண்டறியாத காவலர் என்று சம்மாட்டியை ஏசினேன். கடைசியில் இவரையும் பிடித்தேன்.

"எல்லாரும் பாடேக்க நீங்கள் ஏன் வாய் திறக்கேல்லை? சம்மாட்டிக்குப் பயமோ? அந்தாளே கை தட்டினது."

அவர் நடந்துகொண்டே இருந்தார். எங்கள் வீட்டு ஒழுங்கைத் திருப்பத்தில்தான் நின்றார்.

"நீயும் விரல் நீட்டினனீ. கண்டனான்."

"அது சம்மாட்டிக்கு" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும், நானும் திருப்பிக் கத்தியிருப்பேன். அந்த நீல ரீசேட்டின் நெஞ்சில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டு, பிள்ளைக்குச் சொல்வதுபோல மெதுவாகச் சொன்னார்.

"சம்மாட்டி ஒரு நாளும் ரோலரில போனதில்லை. போறது நான்."