மாற்று ஐசிக்கு என் கையெழுத்து

மெஷினுக்குள் இருக்கும் ஐசி என்கிற மின்னணுச் சில்லு, ஒரு கம்பெனியிடம் கிடைக்காதபோது அந்த இடத்தில் இன்னொரு கம்பெனியின் ஐசியைப் போடலாமா என்று பார்த்துச் சொல்வது என் பிழைப்பு. சொன்ன பிறகு பயந்துகொண்டிருப்பது சம்பளமில்லாத ஓவர்டைம். எதிலாவது கையெழுத்துப் போட்டுவிட்டு ராத்திரி தூங்காதவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

ரெண்டு எழுத்து

பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் எங்கள் தொழிற்சாலை செய்தது ஆஸ்பத்திரிச் சாமான். நோயாளிக்கு ஏறும் மருந்தைச் சொட்டுச் சொட்டாக எண்ணும் மெஷின். எண்ணிக்கை தப்பினால் மருந்து கூடும், அல்லது குறையும். ஒரு தடவை அதற்கான வழக்கமான ஐசி வரவில்லை. சாமான் வாங்கும் பிரிவு சலீம் அண்ணன் வேறு கம்பெனி ஐசிகளை, அவை அடுக்கிவரும் பிளாஸ்டிக் குழாய் ஒன்று நிறையக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார்.

பார்க்க இரண்டு நாளாகும் என்றேன். உற்பத்தி லைன் நாளைக்கே நின்றுவிடும் என்று அவருக்குப் பயம்.

"அதே நம்பர்தான் தங்கச்சி, நடுவுல ரெண்டு எழுத்து மட்டும்தான் வேற. கம்பிக் காலும் பதினாலுதான். இன்னும் என்னத்தலா பாக்குற?"

ஹேர் டிரையர்

ஏர்கான் அறையில் எல்லா ஐசியும் நல்ல பிள்ளைதான். அதனால் ஐசிகளைச் சோதிக்க நான் வைத்திருக்கும் டெஸ்ட் போர்டில் பொருத்தி, வீட்டிலிருந்து கொண்டுவந்த ஹேர் டிரையரால் சுட வைத்தேன். கேன்டீன் ஐஸைப் பிளாஸ்டிக் பையில் கட்டி மேலே வைத்துக் குளிர வைத்தேன். மூன்று தரம் செய்தும் ஒரு குறையும் இல்லை. அப்படியும் பேனாவை எடுக்கக் கை வரவில்லை.

அடுத்த நாள் காலை லைன் லீடர் லெட்சுமி கதவைத் திறந்து தலையை நீட்டினாள். அவளுடைய பெண்கள் ஐசிக்காகக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"அதுக்கு முடி காயவச்சது போதும்லா அக்கா, கையெழுத்தப் போடுங்க!"

போட்டேன்.

கை கிட்டப் போனால்

மறுநாள் மத்தியானம் லெட்சுமி கூப்பிட்டாள். மேசைமேல் ஒரு மெஷின் இருந்தது. குழாயில் சொட்டே விழவில்லை. அவள் கையைக் கிட்டக் கொண்டுபோனாள், எண்ணிக்கை ஓடியது. எடுத்தாள், நின்றது. நானும் கையை நீட்டினேன். எனக்கும் ஓடியது. மெஷினைத் திறந்து உள்ளே பார்த்தேன்.

காரணம் உடனே புரிந்தது. என் டெஸ்ட் போர்டில் ஐசியின் பதினாலு காலுக்கும் இணைப்பு உண்டு. மெஷினை வடிவமைத்தவர்கள் ஒரு காலை எதனோடும் சேர்க்காமல் சும்மா விட்டிருந்தார்கள். பழைய கம்பெனி ஐசி அதைப் பொருட்படுத்தவில்லை. இது, பக்கத்தில் மனிதக் கை வந்தாலே அதைச் சொட்டு என்று எடுத்துக்கொண்டது. ஆஸ்பத்திரியில் நர்ஸ் கை வைக்காத மெஷின் எது?

லெட்சுமி குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"காலையில லோரியில ஏத்துனதுலயும் இதே ஐசிதான்க்கா."

மேனேஜர் அறை

மேனேஜர் சிவநாதன் சார் கதவுக்கு வெளியே நின்றேன். வேலை போய்விடும் என்று பயந்தேன். பேசாமல் இருந்துவிட்டால் யார் கண்டுபிடிக்கப்போகிறார்கள் என்றும் ஒரு நினைப்பு வந்தது. அந்த நினைப்புக்குத்தான் அதிகம் பயந்தேன். உள்ளே போய், மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் திட்டவில்லை. போனை எடுத்தார். அக்கரையிலிருக்கும் பட்டர்வொர்த் போகும் ஃபெர்ரிக்கு வரிசையில் நின்றுகொண்டிருந்த லோரியை ஆள் அனுப்பித் திருப்பினார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. கேட்காமலே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். சார் அலமாரியிலிருந்து என் கையெழுத்துள்ள ஃபைல்களை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் அடுக்கினார்.

"எல்லாக் காலையும் சேத்திருக்கிற இதே டெஸ்ட் போர்டுல வச்சுப் பாத்து, இதுக்கு முன்னால எத்தன ஐசிக்கு சரின்னு எழுதியிருக்கீங்கம்மா?"

மூன்று வருஷமாக ஒரு புகாரும் வராததை, நான் என் திறமை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.