ஆறு பேர் சேர்ந்தால்தான் குப்பி திறக்கும்

உயிர்ப்பயம் வந்தால் மட்டும்தான் உங்களுக்கு அறிவியல் இனிக்குமா? பயம் தெளிந்ததும் கசந்துவிடுமா?

இதைக் கேட்க நர்சக்காவுக்கு வாய் துறுதுறுக்கும். கேட்க முடியாது. சுகாதார நிலையத்தில் சம்பளம் வாங்குகிறவள் பல்லைக் கடித்துக்கொள்ளத்தான் வேண்டும்.

பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே, மாடிப்படிக்கு அடியில் இருக்கிறது அவளுடைய அறை. ஒரு மேசை, ஒரு குளிர்ப்பெட்டி, ஒரு பெஞ்சு. கொரோனா ஆட்டிவைத்த வருடம், வழக்கமான ஃப்ளூ ஊசிக்கே வரிசை தெருமுனை தாண்டியது. "எதையாவது போட்டுவிடுங்கம்மா" என்று கெஞ்சினார்கள். முகக்கவசமும் கதவடைப்புமாக இருந்ததில் அந்தப் பருவத்தில் ஃப்ளூ தலைகாட்டவில்லை. அவ்வளவுதான், ஊரே அதைத் தலைமுழுகிவிட்டது. ஃப்ளூ முழுகவில்லை. மறுபடி வந்தது. வரிசை மட்டும் வரவில்லை.

இந்தப் பருவத்தின் முதல் ஊசி நாளில் பெஞ்சில் இருந்தது ஒரே ஆள், அவளுடைய அண்ணன். வாடகைக்கார் ஓட்டுகிறவர், ஆஸ்துமாக்காரர். போன குளிர்காலத்தில் ஃப்ளூ கண்டு, மூச்சுக்குத் தவித்து ஆஸ்பத்திரியில் கிடந்தவர். அப்படியும் அவரை இங்கே உட்காரவைக்க அவள் தொண்டை வற்ற வேண்டியிருந்தது.

"ஊசி போட ஆள் கிடைக்கலேன்னா உனக்கு நான்தான் இளிச்சவாயனா? சீக்கிரம் போடும்மா."

"இருண்ணே. இன்னும் ஆள் சேரணும்."

இதுதான் கூத்து. ஒரு குப்பியில் பத்துப் பேருக்கு மருந்து. திறந்தால் அன்றே தீர்க்க வேண்டும், மிஞ்சினால் கொட்ட வேண்டும். ஆறு பேர் சேராமல் திறக்கக் கூடாது என்பது மேலிடத்து உத்தரவு. வரிசை நின்ற காலத்தில் போட்டது. வரிசை போயிற்று, உத்தரவு போகவில்லை. கொட்டிய மருந்துக்குக் காரணம் கேட்பார்கள், ஊசி போடாமல் திரும்பிய ஆளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள்.

அவள் தெருவில் இறங்கினாள். முடிதிருத்துகிறவர் கத்தரிக்கோலை ஆட்டினார்.

"ஆளை விடுக்கா. கொரோனாவுக்குக் குத்தினதே ஏழு ஜென்மத்துக்குத் தாங்கும்."

"அது வேற, இது வேற தம்பி. குடை பிடிச்சா நாய் கடிக்காதா?"

"நாய் வரட்டும், பாத்துக்கலாம்."

செருப்புக்கடைக்காரி எழுந்திருக்கவே இல்லை. "காலையில ஒண்ணு சொன்னாங்க, சாயங்காலம் ஒண்ணு சொன்னாங்க. யாரைக்கா நம்பறது?"

அதில் பொய்யில்லை என்று அக்காவுக்கும் தெரியும். மேலே இருந்தவர்கள் அப்படித்தான் பேசினார்கள். நம்பிக்கையைப் போட்டு உடைத்தது அவர்கள், சில்லுப் பொறுக்குவது இவள். கடைசியில், "உன் முகத்துக்காக வரேன்" என்று செருப்புக்கடைக்காரி புருஷனையும் இழுத்துக்கொண்டு வந்தாள்.

மூன்று பேர் ஆயிற்று. அதற்குள் அண்ணன் கார் சாவியோடு வாசலில் நின்றார்.

"சவாரி வந்துடுச்சு. நாளைக்குப் பாக்கலாம்."

"நாளைக்கும் இதே கதைதாண்ணே. ஒரு நிமிஷம் நில்லு."

அதிகாரிக்குப் போன் போட்டாள். "மூணு பேர் இருக்காங்க சார். என் அண்ணன் ஆஸ்துமாக்காரர். திறக்கட்டுமா?"

"மீதியைச் சாக்கடையில ஊத்தவாம்மா? விதின்னா விதிதான்."

அவள் போனை வைத்தாள். குளிர்ப்பெட்டியைத் திறந்தாள். குப்பியின் மூடியைக் கழற்றினாள். முதல் ஊசி அண்ணனுக்கு.

"இதுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?" என்று சட்டைக்கையை இறக்கிவிட்டுக்கொண்டு அவர் போனார். ஒரு நன்றி கிடையாது. செருப்புக்கடைக்காரியும் புருஷனும் போட்டுக்கொண்டு போனார்கள். மாலைவரை வேறு ஈ காக்கை எட்டிப்பார்க்கவில்லை. எதிரே நிறுத்தத்தில் நின்ற கூட்டம் இருமிக்கொண்டே பேருந்து ஏறியது. அவள் மீதி மருந்தைக் கழித்துவிட்டு, விளக்கம் கேட்டு நாளை வரப்போகும் கடிதத்துக்குப் பதில் யோசித்தபடி அறையைப் பூட்டினாள்.

அண்ணனுக்கு ஊசி கிடைத்தது, தங்கை விதியை மீறியதால். எல்லா ஆஸ்துமாக்காரருக்கும் இப்படி ஒரு தங்கை வாய்க்குமா? வாய்க்காது. ஆகவே உங்கள் வட்டாரத்துச் சுகாதார நிலையத்துக்கு இந்த வாரமே போங்கள். தனியாகப் போகாதீர்கள், வீட்டில் இருப்பவர்களையும் பக்கத்து வீட்டுக்காரரையும் இழுத்துக்கொண்டு போங்கள். ஆள் போதாது என்று திருப்பி அனுப்பினால் நகராதீர்கள். எழுத்தில் காரணம் கேளுங்கள்.