பெஞ்சுக்காக வாதாடிய மச்சான்

விருத்தாசலத்தில் நாங்கள் கூடைப்பந்து ஆடும் மைதானத்தின் ஓரத்தில், செங்கற்களின் மேல் ஒரு நீளப் பலகை கிடக்கும். செராமிக் கம்பெனியில் ஈரப் பீங்கானை அடுக்கிக் காயவைத்த பழைய பலகை. மாற்று ஆட்டக்காரர்களுக்கு அதுதான் பெஞ்சு. எத்தனை முறை கழுவினாலும் களிமண் தூள் போகாது. உட்கார்ந்து எழுந்தால் நீலக் கால்சட்டையின் பின்புறம் வெள்ளையாகிவிடும். யார் ஆடவில்லை என்பதை ஊரே பின்னாலிருந்து பார்த்துச் சொல்லிவிடும். என் மனைவியின் அண்ணன் வருடக்கணக்கில் அந்த வெள்ளையோடுதான் வீட்டுக்குப் போனார்.

நான் கேப்டன். கோச் என்று யாரும் கிடையாது, ஆகவே யாரை இறக்குவது என்ற தலைவலியும் என்னுடையதே. பயிற்சி முடிந்து டீக்கடைக்குப் போனால் மச்சான் ஆரம்பித்துவிடுவார். "வேப்பூர்லேருந்து பஸ்ஸு புடிச்சு வரான் மாப்ள. அவனை எறக்காம வேற யாரை எறக்குவீங்க?" அவனுக்குப் பந்தைப் பிடிக்கவே வராது என்பேன். "எறக்காமலே எப்படி வரும்?" என்பார். மறுநாள் இன்னொருவனுக்காக வாதாடுவார். எனக்கு ரத்தம் கொதிக்கும். சரி, உங்களை இறக்குகிறேன் என்றால் மட்டும், "நம்ம எங்க போயிடப் போறோம் மாப்ள? மொதல்ல அவங்க ஆடட்டும்" என்று டீயை உறிஞ்சுவார். ஆனால் ஒவ்வொரு மேட்சுக்கும் ஷூ நாடாவை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டுவார். "அண்ணன் வெடிகாலையில தனியா போய் பந்து போட்டுப் பாக்குது. ஒரு தடவ எறக்குனா என்னவாம்?" என்று வீட்டில் மனைவி என்னிடம் எரிந்து விழுவாள். இரண்டு பக்கமும் இடி எனக்குத்தான்.

ஸ்ரீமுஷ்ணம் அணியோடு அரையிறுதி. கடைசி நிமிடம், இரண்டு பக்கமும் சமமான புள்ளி. எங்களில் ஒருவன் ஐந்தாவது ஃபவுல் வாங்கி வெளியேறினான். இந்த முறை நான் வாதத்துக்கு இடமே கொடுக்கவில்லை. "மச்சான், நீங்க வாங்க!" என்று கத்தினேன். வந்தார். முகம் பளிச்சென்று இருந்தது. கோட்டைத் தாண்டி உள்ளே வந்தவர் ஒருமுறை பலகையைத் திரும்பிப் பார்த்தார். வேப்பூர்க்காரன் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தான். அவ்வளவுதான், கையசைத்து அவனைக் கூப்பிட்டுவிட்டார். அவனும் ஓடி வந்தான். அவனை உள்ளே விட்டுவிட்டு இவர் வெளியேற வேண்டியதுதானே? யாரை மறிக்க வேண்டும் என்று அவன் தோளைப் பிடித்து விளக்கிக்கொண்டு நின்றார். அதற்குள் ஆட்டம் தொடங்கிவிட்டது. ஐந்து பேர் இருக்க வேண்டிய இடத்தில் நாங்கள் ஆறு பேர். விசில். அவர்களுக்கு ஒரு ஃப்ரீ த்ரோ. அந்த ஒரு புள்ளியில் தோற்றோம். திரும்பும் பஸ்ஸில் நான் அவர் பக்கம் உட்காரவே இல்லை. அப்போதும் பின் சீட்டிலிருந்து, "இன்னும் ஒரு நிமிஷம் கெடச்சிருந்தா அவன் நல்லா ஆடியிருப்பான்" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டு வந்தார்.

இப்போது மச்சானுக்கு மூட்டு போய்விட்டது; ஓடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான் கோச் ஆகிவிட்டேன். அவர் இன்னும் வந்து அதே பலகையில்தான் உட்காருகிறார். போன ஞாயிறு புதிதாய் வந்த ஒருவனுக்காக நச்சரித்தபோது எனக்குப் பொறுக்கவில்லை. "வாயை மூடிக்கிட்டு ஒக்காருங்க மச்சான். அன்னிக்கு உங்களை எறக்குனப்ப என்ன செஞ்சீங்க?"

 அவர் மைதானத்தைப் பார்த்தபடியே, "பந்தை ஒரு தடவ தொட்டுட்டாவது அவனைக் கூப்புட்டிருக்கலாம், மாப்ள" என்றார்.

எழுந்து நொண்டிக்கொண்டு போனார். இப்போதெல்லாம் வேட்டிதான் கட்டுகிறார். பின்னால் ஒட்டிய வெள்ளை யார் கண்ணுக்கும் தெரியவில்லை.