ஜெர்மனிக்குப் போகாத வண்டி

ஜெர்மனியில் வேலை உறுதியானதும் நான் முதலில் தேடியது தங்குவதற்கு வீடு அல்ல. என் வண்டியை அங்கே எப்படிப் பதிவு செய்வது என்பதைத்தான். அப்பா ஓட்டி, எனக்கு வந்த டூ ஸ்ட்ரோக் வண்டி. ஆர்சி புத்தகம் முறைப்படி என் பெயரில் இருந்தது. முப்பது வயதைத் தாண்டிவிட்டதால் அதை அங்கே பழங்கால வாகனமாகக் கணக்கில் எடுப்பார்கள், புகை விதிகள் அவ்வளவாக நெருக்காது என்று படித்தேன். அவ்வளவுதான், எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. நம் ஊர் ஹெட்லைட் இடப்பக்கம் போகிற சாலைக்கானது, அதை மாற்ற வேண்டும். இண்டிகேட்டர் வேறு போட வேண்டும். ஷிப்ட் முடிந்து அறைக்கு வந்தால் இதே பேச்சு.

கேட்டுக்கொண்டிருந்தவன் என் அறைத்தோழன். சங்கரன்கோவில் பக்கத்துக்காரன். வல்லக்கோட்டையில் கோயிலுக்குப் போகிற சாலையில் எங்கள் அறை. நான் ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் டிசைன் வேலை பார்த்தேன். அவன் வேறொரு கம்பெனியின் பெயின்ட் ஷாப்பில் இறுதிப் பரிசோதனையில் நின்றான். பெயின்ட் அடித்து வருகிற ஒவ்வொரு பாகத்திலும் கீறலும் குழியும் தேடுவதே அவன் வேலை. குண்டூசி முனை அளவு பள்ளம் இருந்தாலும் ரிஜெக்ட். ஓட்டலில் தோசைத் தட்டு வந்தால்கூட அதை விளக்குப் பக்கம் சாய்த்துப் பார்ப்பான்.

ஊரில் எல்லோரிடமும் சொல்லிக்கொள்ள ராணிப்பேட்டை போய்வந்தேன். திரும்பி வந்தபோது கேட்டிலேயே மறித்தான்.

"கண்ண மூடுல."

"எதுக்குடா?"

"மூடுன்னா மூடு. ஃபாரின் போற வண்டி, அழுக்குச் சட்டையோடயா போவும்?"

கண்ணைத் திறந்தால் என் வண்டி. வண்டி முழுவதையும் கழற்றி, ஃபிரேமைத் தனக்குத் தெரிந்த பவுடர் கோட்டிங் கடைக்குக் கொண்டுபோய், கறுப்பு அடித்து, திரும்பப் பூட்டி நிறுத்தியிருந்தான். சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். வெயிலில் கண் கூசியது.

"தொட்டுப் பாரு மாப்ள. எங்கனயாவது ஒரு குழி காட்டிரு, நான் வேலைய விட்டுருதேன்."

காட்ட முடியவில்லை. அன்றைக்கு நான் எடுத்த படங்கள் இன்னும் போனில் இருக்கின்றன. பாதியில் அவன் முகம் இருக்கிறது.

வெளிநாட்டுக்கு வண்டி அனுப்புகிற காகித வேலைகளைப் பார்க்கிற ஏஜென்ட் ஒருவர் ஸ்ரீபெரும்புதூரிலிருந்து வந்தார். அறைத்தோழன் அப்போது ஷிப்டில் இருந்தான். ஃபிரேமில் குத்தியிருக்கிற சேஸிஸ் நம்பரின் மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்தால் எண்கள் வெள்ளையாக எழும்பி வரும். பதிவு சம்பந்தப்பட்ட எந்த வேலைக்கும் நம் ஊரில் அந்தப் பென்சில் பிரிண்ட் கேட்பார்கள். ஏஜென்ட் ஹேண்டில்பாருக்குக் கீழே காகிதத்தை வைத்துத் தேய்த்தார். வெறும் கறுப்பு. இடம் மாற்றித் தேய்த்தார். கறுப்பு.

"இன்னா சார், நம்பரையே காணோம்?"

"இருக்கும்ணா. பெயின்ட் திக்கா அடிச்சிருப்பான்."

சாவியால் லேசாகச் சுரண்டினார். உச்சுக்கொட்டினார்.

"கிரைண்டர் வெச்சி இழைச்சிகீறாங்க சார். மொழுமொழுன்னு கீது பாரு."

அப்போதே புரிந்துவிட்டது. பல வருடத்துப் பெயின்ட்டும் துருவும் அடைத்து, அந்த எண் வரிசை வெறும் பள்ளங்களாகத்தான் தெரியும். என் தோழனின் கண்ணில் பள்ளம் பட்டால் விடுமா? நாள் முழுக்க ரிஜெக்ட் செய்கிற கண். தேய்த்துச் சமமாக்கி, அதன் மேல் அழகாகப் பெயின்ட் போட்டிருக்கிறான்.

"நம்பர் அழிஞ்ச வண்டின்னா திருட்டு வண்டின்னுதான் பார்ப்பாங்க. புச்சா குத்தலாம். போலீஸ் சர்டிபிகேட் வோணும், ஆர்டிஓ பர்மிஷன் வோணும், நீ கூடவே இருக்கணும். மாசக்கணக்குல இஸ்துகினே போவும். அப்பால அந்த ஊர்க்காரன் ஒத்துக்கணும். நீ எப்ப ஃபிளைட் ஏறுற?"

அவர் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

அறைத்தோழன் வந்ததும் ஷூவைக்கூடக் கழற்றாமல் கேட்டான்: "ஏஜென்ட் வண்டியப் பாத்தாரா? என்ன சொன்னாரு?"

அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் அதைச் சொல்ல முடியவில்லை. "அசந்துட்டாரு. ஆனா அனுப்புற செலவு கட்டுப்படியாகாதுடா. அங்கேயே ஒண்ணு வாங்கிக்கிறேன். இத நீ வெச்சிக்கோ."

"அங்க புதுசு வாங்கப் போறியோ?"

"பார்ப்போம்."

"சரிங்க சார்" என்றான். அவன் என்னை சார் என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. கிண்டல் என்று எடுத்துக்கொண்டேன். அப்படி எடுத்துக்கொள்வது வசதியாக இருந்தது.

பெயர் மாற்றுகிற பாரங்களில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். எங்கள் பக்கத்து அறைகளில் வண்டிகள் அப்படித்தான் கைமாறும். கையெழுத்து வாங்கிப் பெட்டிக்குள் போட்டுக்கொள்வார்கள். பெயர் மாற்ற ஆர்டிஓ ஆபீஸ் வரை யாரும் போவதில்லை. எவனோ ஒருவன் பெயரில் வருடக்கணக்காக ஓட்டுவார்கள். இவனும் போக மாட்டான், வண்டியும் ஓடும், விஷயமும் தெரியாது. கெட்டிக்காரத்தனமாக யோசித்துவிட்டதாக நினைத்து விமானம் ஏறினேன்.

இங்கே வந்தபின் நான் அனுப்புகிற செய்திகளுக்கு அவனிடமிருந்து கட்டைவிரல் மட்டும் வந்தது. ஷிப்ட் அதிகம் போல என்று விட்டுவிட்டேன். ஒருநாள் அவனே கூப்பிட்டான். பின்னால் ஒரே வண்டிச் சத்தம்.

"ஆர்டிஓ ஆபீஸ்ல நிக்கேன். வண்டில நம்பர் இல்லியாம்ல."

"நீ ஏன்டா அங்க போன?"

"அடுத்தவன் பேர்ல இருக்க வண்டிய நான் எதுக்கு ஓட்டணும்? எம்பேருக்கு மாத்தலாம்னு வந்தேன். எங்கல திருடுனன்னு கேக்கான். எல்லார் முன்னாடியும். கம்பெனி ஐடிய வாங்கி வெச்சிக்கிட்டான்."

"நான் அவங்ககிட்ட பேசுறேன், போனைக் குடு."

"ஒனக்குத் தெரியுமா?"

"மொதல்ல அவங்ககிட்ட குடுடா."

"தெரியும். அதான் எனக்குக் குடுத்த." அவன் குரல் இறங்கியது. "நான் பண்ண வேல ஒனக்குப் பிடிக்கல, ஃபாரின் திமிருன்னு நெனச்சேன். ரூம்ல எல்லார்ட்டயும் ஒன்ன அசிங்கமாப் பேசிருக்கேன். ஒரு வார்த்த ஏசிருக்கலாமேல. ஏசிருந்தா அன்னைக்கே தீந்துருக்கும்."

மாலையில் மறுபடி கூப்பிட்டான். ஐடியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்களாம். வண்டியைப் பிடித்துவைத்துக்கொண்டார்கள். ஆர்சியில் பெயர் உள்ளவன் நேரில் வர வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள்.

"நீ வா," என்றான் கடைசியில். "ஆபீஸுக்கு நானும் கூட வாரேன். நாந்தான் தேச்சேன்னு சொல்லுதேன். ஆனா ரூமுக்கு வராத."

லீவு கிடைத்துவிட்டது, டிக்கெட்டும் போட்டுவிட்டேன். ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் லாட்ஜுகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றில் தங்க வேண்டும்.