பிள்ளைக் காம்பராவில் எனக்கு இடமில்லாத இறுதி ஆட்டம்

“17.09.2023, ஞாயிறு. ஆசியக் கிண்ண இறுதி ஆட்டம், இலங்கை – இந்தியா. மழையால் தாமதம். நான் பிள்ளைக் காம்பராவுக்கு வெளியே. வெங்காயம் உரிக்கிறேன்.”

என் குறிப்பேட்டில் அன்றைய பதிவு இப்படித்தான் தொடங்குகிறது. பலாங்கொடைக்கு மேலே இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்தில், கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுச்செல்லும் இடம் பிள்ளைக் காம்பரா. பெரிய தொலைக்காட்சி அங்கேதான் இருக்கிறது. ஆகவே இறுதி ஆட்டம் வந்தால், ஐம்பது வயதுக்காரர்களும் மூன்று வயதுக்குரிய நாற்காலிகளில், முழங்கால் தாடையில் இடிக்க உட்கார்ந்திருப்பார்கள். தோட்டக் காரியாலயத்துக் கிளாக்கரான எனக்கு முன்வரிசையில் ஒரு நீல நாற்காலி உண்டு. இல்லை, இருந்தது.

அதைப் பறித்தவர் மலை வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளை. அதற்கு அவருக்குச் சாட்சியாக அமைந்தது என் குறிப்பேடுதான். ஒரு வாரத்துக்கு முன்பு, கொஞ்சம் பெருமையாகவே அவருக்கு வாசித்துக் காட்டினேன். 28.4.2007, 21.6.2009, 2.4.2011, 7.10.2012. நான்கும் உலகக் கிண்ண இறுதி ஆட்டங்கள். நான்கிலும் இலங்கை தோற்றது. நான்கு பதிவுகளும் “பிள்ளைக் காம்பராவில் பார்த்தேன்” என்றே முடிந்தன.

“ஜெயிச்ச நாள்ல எங்கங்க இருந்தீங்க?” என்றார்.

அவருக்கு நினைவிருந்த வெற்றிகள் இரண்டு. புரட்டினேன். 6.4.2014: “பலாங்கொடை போனேன். இலங்கை வென்றது.” 11.9.2022: “காய்ச்சல். இலங்கை வென்றது.”

கணக்கப்பிள்ளை மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “ஐயா, நாங்க அநியாயமா டீமைத் திட்டிக்கிட்டு இருந்திருக்கோம்.”

எங்கள் தோட்டத்தில் புதிய மலையில் முதல் கொழுந்து கிள்ளுவதற்கும் கைராசி பார்த்துத்தான் ஆளை நிறுத்துவார்கள். அதற்கு நானும் தலையாட்டியவன். எனவே எதிர்த்துப் பேச வழியில்லை.

அன்று ஆட்டம் இரவுவரை போகும் என்று கணக்கிட்டு, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயம்மா வெளியே பிரியாணிக்கு அடுப்பு மூட்டியிருந்தார். என்னை ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்காரவைத்துக் கத்தியையும் கொடுத்தார்.

“சும்மா இருந்தா எட்டிப் பாப்பீங்க. உரிங்க.”

முதல் ஓவரிலேயே உள்ளிருந்து “அய்யோ” என்று கேட்டது. விக்கெட் கணக்குக்காக, உரித்த ஒரு வெங்காயத்தைப் பலகையின் ஓரத்தில் தனியாக வைத்தேன். பிறகு ஒரே ஓவரில் நான்கு “அய்யோ”. நான்கு வெங்காயம். ஆறாவதையும் வைத்தபோது, ஓட்டங்கள் பன்னிரண்டுதான் என்று யாரோ உள்ளே தலையிலடித்துக்கொண்டார்.

முதல் மூன்றுக்கும் உண்மையாகவே துக்கப்பட்டேன். நான்காவதுக்குத்தான் உறைத்தது: நான் பார்க்கவில்லை. பார்க்காமலேயே விழுகிறார்கள்! ஆறாவது வெங்காயத்தைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்துவிட்டேன்.

அந்த நேரம் பார்த்து வெற்றிலை துப்ப வெளியே வந்தார் லொறி டிரைவர். சிங்களவர், நம்மைவிடச் சரளமாகத் தமிழ் பேசுவார்; ‘ஐயா’ மட்டும் அவருக்கு ‘மாத்தயா’.

“கிளாக்கர் மாத்தயா, சிரிக்கிறீங்களா? நீங்க இந்தியா பக்கமா?”

“வெங்காயம்” என்றேன், கண்ணைத் துடைத்தபடி.

“வெங்காயத்துக்கு அழுவாங்க. சிரிக்கிறத இன்னைக்குத்தான் பாக்கிறேன்.”

ஐம்பது ஓட்டங்களுக்கு எல்லாரும் ஆட்டமிழந்தார்கள். இந்தியாவுக்கு ஆறு ஓவரும் ஒரு பந்தும் போதுமாக இருந்தது.

“அரிசியே இன்னும் ஊறல. அதுக்குள்ள முடிச்சிட்டானுங்களே பாவிங்க” என்றார் ஆயம்மா.

குறிப்பேட்டோடு உள்ளே போனேன். இழவு வீட்டில் பரிசு வாங்க வந்தவன்போல் நின்று, “இன்னைக்கு நான் பாக்கல. அதுக்கும் ஐம்பதுதான். நாற்காலியக் குடுங்க” என்றேன்.

கணக்கப்பிள்ளை குட்டி நாற்காலியிலிருந்து எழ முயன்றார். அதுவும் அவரோடு எழுந்தது. அதைக் கழற்றிவிட்டு யோசித்தார்.

“பாக்கல, சரி. ஆனா ஜன்னலுக்கும் உங்களுக்கும் பத்தடிதானே? வாடை போதும்ங்க.”

சண்டை முற்றியபோது ஆயம்மா அகப்பையோடு வாசலில் வந்து நின்றார். அது அவருடைய அறை, தீர்ப்பும் அவருடையதுதான்.

“கிளாக்கரய்யா பாத்து ஒரு மேட்ச்சாவது ஜெயிச்சிருக்கணும். அதக் காட்டட்டும், நானே நாற்காலியப் போடுறேன். அதுவரைக்கும் வெங்காயம்தான்.”

நீல நாற்காலி அன்றே அலுமாரியின் மேல் ஏறியது.

என்னிடம் ஒரே ஒரு சாட்சி இருக்கிறது. 6.4.2014 இரவு, பலாங்கொடை பஸ் நிலையத்துக்கு எதிரே இருந்த ரேடியோக் கடை வாசலில், உள்ளே ஓடிய தொலைக்காட்சியில் இந்தியா துடுப்பெடுத்தாடிய கடைசி ஓவர்கள் சிலவற்றைப் பார்த்துக்கொண்டு நின்றதாக எனக்கு நினைவு. ஆனால் அன்றைய பதிவில் பஸ் எத்தனை நிமிடம் பிந்தியது என்பது இருக்கிறது, நனைந்த குடையை மறந்து வந்தது இருக்கிறது, ஆட்டம் பார்த்தது மட்டும் இல்லை. அந்த இடத்தில் இப்போது பேக்கரி. கடைக்காரர் எம்பிலிப்பிட்டிய பக்கம் போய்விட்டதாகச் சொல்கிறார்கள். நான் அங்கே நின்றதை அவர் உறுதிசெய்வார் என்று, முகவரி கேட்டுவாங்கிச் சிங்களத்தில் இரண்டு கடிதங்கள் எழுதினேன். முதலாவது திரும்பி வந்தது. இரண்டாவதை, திருத்திய முகவரியோடு, தபாலில் போடுவதாக வாங்கிப்போனவர் கணக்கப்பிள்ளை.

பதில் இல்லை. ஆகவே, இலங்கை வென்ற அந்த ஆட்டத்தில் ஒரு பந்தையாவது நான் பார்த்தேனா என்பது, இதை எழுதும் இன்றுவரை, உறுதிசெய்யப்படவில்லை.